கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போதெல்லாம் என் பழைய கார் படுத்தியது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஐடிலிங் 800 ஆர்.பி.எம்.மில் நிற்காது; திடீரென 2000 வரை ஏறி இரையும். ஒருநாள் தேரடியில் கிளட்சை விட்டதும் வண்டி துள்ள, பூக்கார அம்மா ஒருவர் மயிரிழையில் தப்பினார்.

ஒரு பட்டறையில் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொன்னார்கள். எங்கள் தெரு மெக்கானிக்கோ, இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். வேக்குவம் ஹோஸ்கள் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஓரிடத்தில் தெளித்ததும் இரைச்சல் அடங்கியது. அங்கிருந்த வெடிப்பு வழியே வேண்டாத காற்று உள்ளே போயிருக்கிறது.

"ஹோஸுக்கு 60 ரூபா போதும் சார்" என்றார். 500 கொடுத்தேன். கோளாறைக் கண்டுபிடிப்பதும் வேலைதானே? பார்ட்டுக்கு மட்டுமே நாம் காசு கொடுத்தால், அவர்களும் பார்ட்டைத்தான் மாற்றுவார்கள்.