தாயை வெளியே நிறுத்தாதீர்கள்

"குறைமாசக் குழந்தை பெட்டிக்குள்ள இருந்தாத்தான் பொழைக்கும். தாய்க்காரி கை பட்டா நோய் ஒட்டிக்கும்." எடை குறைந்து குழந்தை பிறந்த வீடுகளில், தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளிப் பக்கத்திலும் சரி, வேறெந்த ஊரிலும் சரி, இந்தப் பேச்சைக் கேட்கலாம். படித்தவர்களும் சொல்கிறார்கள். கேட்பதற்கு அக்கறையாகத்தான் இருக்கிறது. ஆனால் இது குழந்தைகளின் உயிரோடு விளையாடும் நம்பிக்கை.

இந்த நம்பிக்கை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாலக்கோட்டிலோ பிரசவம். குழந்தை ஒன்றரைக் கிலோ, மூச்சு சீராக இல்லை. 108 ஆம்புலன்ஸ் வருகிறது. குழந்தையும் அப்பாவும் பாட்டியும் தர்மபுரிக்குப் போகிறார்கள். தையல் போட்ட தாய் இங்கேயே கிடக்கிறாள். பிறகு அவள் போய்ச் சேர்ந்தாலும், "பச்ச உடம்புக்காரி இங்க நின்னு என்ன பண்ணப் போறே? வீட்டுக்குப் போம்மா" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். பால் கட்டி மார் கொதிக்கிறது. பிள்ளையோ கதவுக்கு அந்தப் பக்கம்.

2014 நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. எடைக் குறைவும் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. டாக்டர் போதுமா, நர்ஸ் போதுமா, கருவி போதுமா என்ற கேள்விகள் நியாயமானவை. இன்றும் கேட்க வேண்டியவை. அவற்றோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: குழந்தையின் பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டில் இருக்கிறதா?

இது உணர்ச்சிவசப்பட்ட கேள்வி அல்ல. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகள் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவினரைப் பிறந்தவுடனே தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, உடல்நிலை தேறிய பிறகே அந்த இடம் கிடைத்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12 சதவீதம், இரண்டாவதில் 15.7 சதவீதம். ரத்தத்தில் கிருமி பரவுவதும் தாயோடு இருந்த குழந்தைகளிடம்தான் குறைவு. தாய் தொட்டால் நோய் ஒட்டும் என்ற பேச்சு அங்கேயே பொய்த்துப்போனது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரையை மாற்றியது: தேறும்வரை காத்திருக்காதே, பிறந்த உடனே தொடங்கு, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை நெஞ்சோடு வை.

செய்முறை எளிது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, இடுப்புத்துணி மட்டும். தாயின் மார்புகளுக்கு நடுவே நிமிர்த்திவைத்து, மூச்சு முட்டாதபடி தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டுகிறார்கள். தாயின் உடற்சூடே குழந்தைக்குப் போர்வை. உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பீய்ச்சிய தாய்ப்பால் பாலாடையில் போகிறது. கங்காரு பராமரிப்பு என்ற பெயர் நம் நர்ஸ்களுக்குப் புதிதல்ல. இந்த முறை 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கியது. நம்மிடம் இல்லாதது இடமும் மனமும்தான்.

"தாய் சரியில்லையே" என்பார்கள் சிலர். அப்படிச் சொல்லப்பட்ட தாய்மார்களையே எடுத்துக்கொள்வோம்: கர்ப்பத்தில் ஓபியாய்டு எனும் அபின் வகை மருந்துக்கோ போதைக்கோ ஆட்பட்ட அமெரிக்கத் தாய்மாரைப் பாருங்கள். அவர்களின் குழந்தைகள் பிறந்ததும் வீறிட்டு அழும், நடுங்கும், தூங்காது. தாயைக் குற்றவாளியாக்கி, குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு மார்பின் கொடுப்பதே அங்கே வழக்கமாக இருந்தது. குழந்தை குடிக்கிறதா, தூங்குகிறதா, தேற்றினால் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்து, அமைதியான அறையில் மடியில் வைத்துப் பராமரிக்கும் முறையை 26 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. வீட்டுக்கு அனுப்பும் நிலைக்கு வர 14.9 நாள் ஆனது 8.2 நாளாகக் குறைந்தது. மருந்து தேவைப்பட்டவர்கள் 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமானார்கள். ஊர் பழித்த தாயின் மடியே இவ்வளவு செய்யும் என்றால், எடை குறைவாகப் பெற்றதைத் தவிர வேறெதுவும் செய்யாத நம் பெண்ணை ஏன் துரத்துகிறோம்?

கருவி வேண்டாம் என்று சொல்லவில்லை. மூச்சுவிடத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜனும் மருந்தும் கட்டாயம் வேண்டும். அந்தக் குழாய்களோடே தாயின் நெஞ்சில் படுக்க வைக்க முடியும்; சப்தர்ஜங்கில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆபரேஷன் ஆன தாய் எழ முடியாவிட்டால், அவள் வரும்வரை அப்பாவோ பாட்டியோ ஏந்தலாம்.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. குழந்தை மேல் சிகிச்சைக்குப் போனால், முடிந்தவரை அதே ஆம்புலன்ஸில் தாயும் போகட்டும். பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் தாய்க்குக் கட்டில் போடட்டும். குடும்பத்தார் செய்ய வேண்டியது ஒன்று. "டாக்டர், குழந்தையை எப்ப நெஞ்சில வெச்சுக்கலாம்?" என்று முதல் நாளே கேளுங்கள். பிறந்த குழந்தைக்குத் தாய் பார்வையாளர் அல்ல, சிகிச்சையே அவள்தான்.