10 கிலோமீட்டரில் நின்றுவிடுமா கந்தகப் புகை?

அனல்மின் நிலையங்கள் கக்கும் கந்தக டை ஆக்சைடுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. 2017-க்குள் நடைமுறைக்கு வர வேண்டிய விதி அது. அவகாசத்துக்கு மேல் அவகாசம் கொடுத்து இழுத்தடித்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அதைத் தளர்த்திவிட்டார்கள். தேசியத் தலைநகர்ப் பகுதியிலிருந்தும் 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்கள் மட்டுமே கந்தக நீக்கக் கருவியைக் கட்டாயம் பொருத்த வேண்டும். மாசு மிகுந்த பகுதிகளை ஒட்டியவை குறித்துத் தனித்தனியே முடிவெடுப்பார்களாம். மீதமுள்ள சுமார் 78 சதவீதத்துக்கு விலக்கு.

தூரத்தை அளவுகோலாக வைத்ததுதான் இதில் அடிப்படைப் பிழை. புகைபோக்கியை 275 மீட்டர் வரை உயர்த்திக் கட்டுவதே, புகை பக்கத்தில் இறங்காமல் தொலைவுக்குப் போகட்டும் என்றுதான். போகிற வழியில் கந்தக டை ஆக்சைடு கந்தக அமிலமாகி, வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் எழும் அம்மோனியாவோடு சேர்ந்து சல்பேட் நுண்துகளாகிறது. அதற்குள் காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோய்விடும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய இத்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகின்றன. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கின்றன. பிரிட்டன் உயரமான புகைபோக்கிகளைக் கட்டித் தன் நகரங்களைக் காத்துக்கொண்டது. அமில மழையில் மீன் செத்ததோ நார்வே, ஸ்வீடன் ஏரிகளில். எல்லை கடக்கும் காற்று மாசு பற்றி 1979-இல் ஜெனீவாவில் உடன்படிக்கை போட வேண்டியதாயிற்று.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கிறார்கள். உண்மைதான். ஆனால், மின்சாரத்துக்காக ஆண்டுக்கு 80 கோடி டன்னுக்கு மேல் எரிக்கிறோம். 0.3 சதவீதம் என்றே வைத்தாலும் 24 லட்சம் டன் கந்தகம். டை ஆக்சைடாகும்போது எடை இரட்டிப்பாகும். காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தானே இருக்கிறது என்பது இன்னொரு வாதம். துகளாக மாறிவிட்ட கந்தகம் அந்தக் கணக்கில் எப்படி வரும்? நுண்துகளுக்கோ நாம் வைத்திருக்கும் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. செலவு பற்றிய கவலை நியாயமானது. யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு கூடும் என்கிறார்கள். கருவி இல்லாவிட்டால் அந்தச் செலவு மருத்துவமனைக் கட்டணமாக வருகிறது, அதுவும் மின்சாரத்தை அதிகம் பயன்படுத்தாத வீடுகளுக்கும் சேர்த்து. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்தால் கந்தகம் ஜிப்சமாகப் படியும். அதைச் சிமென்ட் ஆலைகள் பயன்படுத்தலாம்.

விரைவில் மூடப்படவுள்ள பழைய நிலையங்களை விட்டுவிடலாம். மற்றவற்றுக்கு 10 கிலோமீட்டர் கணக்கை நீக்கிவிட்டு, எவ்வளவு கந்தகம் வெளியேறுகிறது என்பதை வைத்தே மத்திய அரசு புதிய காலக்கெடு விதிக்க வேண்டும்.