பந்தல் இல்லாத திராட்சை

புரோ கபடி ஏலத்துல தமிழ் தலைவாஸ் பெரிய காசு கொட்டுறது ரைடருக்குத்தான். பி.காம். படிக்கிற எனக்கே இந்தக் கணக்கு புரியலைங்க!

2022-ல் பவன் ஷெராவத் 2.26 கோடி. முதல் ஆட்டத்துலயே காயம். ஆனா அந்த சீசன்லதான் அணி முதல்முறையா அரையிறுதிக்குப் போச்சு. பாடினது புதுப்பையன் நரேந்தர். கார்னர்ல பிடிச்சது சாகர், சாஹில் குலியா. 2023-ல் பவனை 2.605 கோடிக்கு எடுத்த தெலுகு டைட்டன்ஸுக்குக் கடைசி இடம். பாத்தும் திருந்தலையே! 2024-ல் சச்சினுக்கு 2.15 கோடி, பிளேஆஃப் கிடையாது.

பாயிண்ட் எடுக்கிறது ரைடர்தானேன்னு கேப்பீங்க. அவுட்டாகி வெளிய உக்காந்தவரை உள்ள கொண்டுவர எதிராளியைப் பிடிச்சாலும் போதுமே? கம்பத்துல பந்தல் போடாம திராட்சைக்கொடி வாங்குறவனைப் பாத்து ஊரே சிரிக்கும். முதல் காசு கார்னருக்கு, மிச்சத்துல ரைடர்.