கடனைக் கட்டி முடித்தும் வேலை போச்சு! உங்கள் பெயரில் ஓடும் நோட்டைப் பார்த்தீர்களா?

சென்னை,

வாங்கின கடனை அடைத்தாகிவிட்டது. பரீட்சை பாஸ், இன்டர்வியூ பாஸ், வேலை உத்தரவும் கைக்கு வந்துவிட்டது. அதுக்கப்புறம் வேலை போச்சு!

ஸ்டேட் பாங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு நேர்ந்தது இது. கடன் அறிக்கையில் கரும்புள்ளி இருப்பவர்களுக்குத் தகுதி இல்லை என்று 2020-ம் ஆண்டு வந்த வேலை விளம்பரத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது. உத்தரவு கொடுத்த பிறகு அவருடைய "சிபில்" அறிக்கையைப் புரட்டினார்கள். பழைய தவணை பாக்கிகள் அதில் கிடந்தன. உத்தரவு ரத்து!

அவர் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார். விளம்பரம் வருவதற்கு முன்பே கடன்களை அடைத்துவிட்டதாக வாதாடினார். 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் நீதிபதி என்.மாலா அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார். ஊரார் பணத்தைக் கையாளுகிறவருக்குப் பண விஷயத்தில் கட்டுப்பாடு வேண்டும் என்று பாங்கி சொன்ன காரணத்தை ஐகோர்ட்டு ஏற்றுக்கொண்டது.

அந்தத் தீர்ப்பு சரியா தப்பா என்று சட்டம் படித்தவர்கள் பேசட்டும். பஸ்சில் தொங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகிற நமக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது. கடன் தீர்ந்துவிடும், கடனை லேட்டாகக் கட்டின கதை தீராது. அது ஒரு நோட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

யார் எழுதுகிற நோட்டு?

தெருமுனை மளிகைக் கடையில் ஒரு கடன் நோட்டு இருக்குமே, அதேதான். ஆனால் அண்ணாச்சி நோட்டை நீங்கள் எட்டிப் பார்க்கலாம். "போன மாசம்தான் கொடுத்தேனே, அடிச்சிடுங்க அண்ணாச்சி" என்று சண்டை போடலாம். இந்த நோட்டை எழுதுகிறவர்களை நீங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை.

இந்தியாவில் மொத்தம் 4 கம்பெனிகள் இதை எழுதுகின்றன. 2000-ம் ஆண்டு தொடங்கப்பட்ட சிபில் மூத்தது. மற்ற மூன்றும் ஈக்விபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிப் ஹைமார்க். 2005-ம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. பாங்கிகளும் நிதி கம்பெனிகளும் ஒவ்வொருவர் கடனையும், எந்த மாதம் எத்தனை நாள் லேட் என்பதையும் இந்த 4 பேருக்கும் அனுப்பியாக வேண்டும். முன்பு மாதம் ஒரு தடவை அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் இருந்து மாதம் இரண்டு தடவையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. சேர்ந்த விவரத்தைக் குறைந்தது 7 வருஷம் வைத்திருக்க வேண்டும்.

அதை எல்லாம் கூட்டிக் கழித்துப் போடுகிற மார்க்குதான் ஸ்கோர். குறைந்தது 300, அதிகம் 900. 750-க்கு மேல் இருந்தால் பாங்கியில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். 600-க்குக் கீழே என்றால் "அப்புறம் வாங்க சார்"தான். 750 இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு பாங்கியும் தானாகப் போட்டுக்கொள்கிற கோடு அது.

தண்டல்காரருக்குத் தெரியும், பாங்கிக்குத் தெரியாது

கோயம்பேட்டில் காய்கறிக் கடை போடுகிறவர் தண்டல் வாங்குகிறார். மழையோ வெயிலோ, சாயங்காலம் ஆனால் எண்ணிக் கொடுத்துவிடுகிறார். பத்து வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. மார்க்கெட்டில் விசாரித்தால் "நாணயமான ஆள்" என்பார்கள். அந்த நாணயத்துக்கு இந்த நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது! தண்டல், கைமாற்று, தெருவில் பிடிக்கிற ஏலச்சீட்டு எதுவும் அதில் ஏறாது. ஆனால் அவர் மகன் செல்போன் கடையில் "ஜீரோ வட்டி" என்று தவணையில் எடுத்த போனுக்கு இரண்டு மாதம் கட்டாமல் விட்டால், அது உடனே ஏறிவிடும். போன் உடைந்து போனாலும் தவணை உடையாது. கடைக்காரர் கொடுத்தது போன்தான். கடன் கொடுத்தது பின்னால் இருக்கிற நிதி கம்பெனி.

முன்பின் கடனே வாங்காதவர்களுக்கு ஸ்கோரும் இருக்காது. அதைக் காட்டி விரட்டுகிற பாங்கிகள் உண்டு. கடன் சரித்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை மனு போடுகிறவரைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் பாங்கி சொல்லியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நிதித்துறை ராஜாங்க மந்திரி பங்கஜ் சவுத்ரி இதைப் பாராளுமன்றத்திலும் தெரிவித்தார். மானேஜர் கை விரித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள். வருமானம், வரவு செலவு எல்லாவற்றையும் அவர் விசாரிக்கத்தான் செய்வார். அது அவர் உரிமை.

சம்பளம் 7-ந் தேதி, தவணை 5-ந் தேதி

ஸ்கோர் விழுவது பெரிய மோசடியால் அல்ல, பெரும்பாலும் இப்படிச் சின்ன விஷயத்தால்தான். தவணைக்கு பாங்கி 5-ந் தேதி கை வைக்கும். சம்பளம் 7-ந் தேதி வரும். கணக்கில் பணம் இல்லை, "பவுன்ஸ்". இரண்டு நாளில் கட்டினால்கூட அபராதம் உண்டு. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் நோட்டிலும் லேட் லேட் என்று ஏறும். கடன் வாங்கும்போதே "தேதியை 10-க்கு மாத்துங்க சார்" என்று கேட்டு வாங்கிவிட்டால் தீர்ந்தது.

கிரெடிட் கார்டுக்குக் கொஞ்சம் சலுகை. கடைசித் தேதிக்குப் பிறகு 3 நாள் தாண்டினால்தான் பாக்கி என்று எழுத முடியும். ஆனால் கார்டில் ஒரு லட்சம் வரை செலவு செய்யலாம் என்றால், மாதாமாதம் 90 ஆயிரத்தைத் தொடுகிற ஆளை பாங்கி சந்தேகத்தோடுதான் பார்க்கும். ஒழுங்காகக் கட்டினாலும் சரி! 30 ஆயிரத்துக்குள் நிற்பது நல்லது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. ஒரே வாரத்தில் நாலு பாங்கியில் மனு போட்டாலும் மார்க் குறையும். நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்த்தால் குறையாது. பார்த்தாலே குறையும் என்று பயந்து பார்க்காமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பீரோவில் தூங்குகிற கார்டையும் கவனியுங்கள். வருஷக் கட்டணம் ஏறி, அதற்கு வட்டி ஏறி, கடைசியில் நீங்கள் பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து மூடச் சொல்லுங்கள். பாக்கி எதுவும் இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளைக்கு ரூ.500 உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி.

"செட்டில்மெண்ட்" என்ற தூண்டில்

கார்டு பாக்கி 80 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமாகக் கட்டவில்லை. ஒரு நாள் போன் வருகிறது. "சார், 30 ஆயிரம் கட்டுங்க, மேட்டரை முடிச்சிடலாம்." கேட்கத் தேனாக இருக்கும். கட்டுகிறீர்கள். போன் தொல்லையும் நின்றுவிடுகிறது.

நோட்டில் என்ன ஏறும் தெரியுமா? "குளோஸ்டு" என்று ஏறாது, "செட்டில்டு" என்று ஏறும். இந்த ஆள் முழுசாகக் கொடுக்கவில்லை, பேரம் பேசிக் கழன்றுகொண்டார் என்று அதற்கு அர்த்தம். நாலு வருஷம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போய் நின்றால் அந்த ஒரு வார்த்தை குறுக்கே படுக்கும். போனில் பேசிய ஆசாமி இதைச் சொல்லவே மாட்டார். அவருக்கு வசூல்தான் கணக்கு. வேறு வழியே இல்லை என்றால் செட்டில்மெண்ட்டுக்குப் போகலாம், தப்பில்லை. ஆனால் தெரிந்து போங்கள். பின்னால் கையில் பணம் வரும்போது மிச்சத்தையும் கட்டி, "பாக்கி இல்லை" என்று கடிதம் வாங்கி, நோட்டை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

ஜாமீன் கையெழுத்தும் இதே கதைதான். மச்சான் வண்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். அந்தக் கடன் ஜாமீன்தாரர் என்ற பட்டத்தோடு உங்கள் நோட்டிலும் இருக்கிறது! மச்சான் கட்டாவிட்டால் அடி உங்களுக்கும்தான். சொந்தக்காரன் கேட்டால் எப்படி மறுப்பது என்பீர்கள். அது உங்கள் வீட்டு விவகாரம்.

யாரோ வாங்கின கடன்!

போலீஸ் செய்தி எழுதுகிறவன் கண்ணுக்குப் பட்ட பகுதி இது. 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன் ஒரு புகார் சொன்னார். தன் பான் நம்பரை வைத்து யாரோ ஒரு செயலியில் 2 ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிவிட்டார்கள், தன் சிபில் கெட்டுவிட்டது என்றார். அவர் நடிகை. நாடே கேட்டது, சரி செய்துவிட்டார்கள். அதே சமயம் எத்தனையோ சாதாரண ஆட்களும் இதே குறையைச் சொன்னார்கள். அவர்கள் தனித்தனியாக அலைய வேண்டியதாயிற்று.

வீடு பார்க்க, சிம் வாங்க, லாட்ஜில் தங்க என்று ஊரெல்லாம் ஆதார், பான் ஜெராக்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். கொடுக்கிற பிரதியின் மேல் எதற்காகக் கொடுக்கிறோம் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜெராக்ஸ் கடையில் சரியாக வராத காப்பியை அங்கேயே விட்டு வராதீர்கள்.

உங்கள் அறிக்கையை எந்த பாங்கியாவது எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு எஸ்.எம்.எஸ். அல்லது ஈமெயில் வர வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. நீங்கள் கடன் கேட்காதபோது அப்படி ஒரு எஸ்.எம்.எஸ். வந்தால் உஷார்! மோசடி என்று தெரிந்தால் 1930-க்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இலவசம்தான், கேட்டு வாங்குங்கள்

4 கம்பெனிகளும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 2017-ல் இருந்தே இது விதி. அவரவர் வெப்சைட்டில் பெயர், பான் நம்பர், போன் நம்பர் கொடுத்தால் கிடைக்கும். மாதச் சந்தா கட்டு என்று நடுவில் ஒரு பக்கம் வந்து நிற்கும். அதைத் தாண்டினால் இலவசத்துக்கு வழி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று கேட்டால் வருஷம் முழுக்கக் காசில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மார்க்கைப் பார்த்து சந்தோஷப்பட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே உங்கள் கடன்கள்தான் இருக்கின்றனவா, விலாசம் சரியா, அடைத்த கடன் அடைத்ததாக இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள்.

தப்பு இருந்தால் அந்த வெப்சைட்டிலேயே புகார் கொடுக்கலாம், பாங்கிக்கும் எழுதலாம். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். பாங்கி 21 நாளுக்குள் சரியான விவரத்தை அனுப்ப வேண்டும். மிச்ச நாள் கம்பெனிக்கு. 30 நாள் தாண்டினால் தாமதம் ஆகிற ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 உங்களுக்குத் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26-ந் தேதியில் இருந்து இது அமலில் இருக்கிறது. அதனால் புகார் நம்பரையும் தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"5 ஆயிரம் கொடுங்க, ஒரே வாரத்துல ஸ்கோரை 800 ஆக்கித் தர்றோம்" என்று போனிலும் நோட்டீசிலும் வருகிற கில்லாடிகள் இருக்கிறார்களே, அவர்களால் இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பாங்கி சரி என்று சொல்லாமல் கம்பெனியே திருத்த முடியாது என்கிறபோது இவர்கள் யார்? உண்மையான தப்பு என்றால் நீங்களே காசில்லாமல் திருத்தலாம். நிஜமாகவே லேட்டாகக் கட்டியிருந்தால் எவராலும் அழிக்க முடியாது. காசோடு உங்கள் பான், ஆதார் விவரமும் அவர்கள் கையில் போய்ச் சேரும்.

30 நாள் ஆகியும் பதில் இல்லையா, பதில் திருப்தி இல்லையா? ரிசர்வ் பாங்கியின் ஆம்புட்ஸ்மன் என்கிற குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் இந்த 4 கம்பெனிகளும் அவர் விசாரணைக்குள் வருகின்றன. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.