பிரித்தெடுக்கப்படும் குரல்கள்: ஒரு பாடலுக்குள் எத்தனை பேர், அதில் யாருக்குப் பங்கு?

2025 பெப்ரவரியில் சிறந்த ரொக் இசை நிகழ்த்துகைக்கான கிராமி விருது, 1980இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவரின் குரலில் ஒலிக்கும் பாடலுக்குக் கிடைத்தது. பீட்டில்ஸ் குழுவின் 'நவ் அண்ட் தென்' என்ற அந்தப் பாடலை, ஜோன் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் பியானோ வாசித்துப் பாடி, சாதாரண கசற் நாடாவொன்றில் பதிவு செய்து வைத்திருந்தார். 1995இல் மற்றைய மூவரும் அதைப் பூர்த்தி செய்ய முயன்று கைவிட்டனர். குரலும் பியானோவும் நாடாவில் பிரிக்க முடியாதபடி கலந்து கிடந்தன; மின் இரைச்சல் வேறு. பின்னர் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் லெனனின் குரலை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்தது. 2023 நவம்பர் 2ஆம் திகதி பாடல் வெளியானது.

இந்தச் செய்தியை உலக ஊடகங்கள் செயற்கை நுண்ணறிவின் சாதனையாகக் கொண்டாடின. ஆனால், கலந்துவிட்ட ஒரு பாடலிலிருந்து குரலையும் கருவிகளையும் பிரித்தெடுக்கும் வேலை புதியதல்ல. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரொக் இசை ரசிகர்கள் தமது வீட்டுக் கணனிகளில் இதைச் செய்து வருகிறார்கள். அவர்களுடைய மூலப்பொருள் சரவுண்ட் ஒலியில் வெளியான இறுவட்டுகள். அவர்களுக்கு யாரும் விருது கொடுப்பதில்லை. பல நாடுகளின் சட்டம் அவர்களை உரிமையை மீறியவர்களாகவே பார்க்கிறது.

ஒரே வேலையைப் பெரிய நிறுவனம் செய்தால் சாதனை, ரசிகர் செய்தால் மீறல். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால், இசையில் உழைத்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி இருக்கிறது. இன்றைய செயற்கை நுண்ணறிவு வியாபாரத்தின் மையத்திலும் அதே கேள்விதான் நிற்கிறது.

சரவுண்ட் ஏன் வசதியானது?

சாதாரண ஸ்டீரியோப் பாடலில் இடம், வலம் என இரண்டு சனல்களே உண்டு. குரல், கிற்றார், பேஸ், ட்ரம்ஸ், கீபோர்ட் என எல்லாமே அந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். 5.1 எனப்படும் சரவுண்ட் முறையில் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தாழ்ந்த அதிர்வுகளுக்கென ஒன்று என ஆறு சனல்கள் இருக்கின்றன. 1970களிலேயே நான்கு சனல் கொண்ட 'குவாட்ரபோனிக்' முறை வந்துவிட்டது. பிங்க் புளொயிட் குழுவின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' (1973) அல்பத்தின் ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் அதற்கு நான்கு சனல் கலவையையும் செய்தார். அந்த அல்பத்தில் ஒலிக்கும் கடிகார மணிகளை அவர் முதலில் பதிவு செய்ததே நான்கு சனல் ஒலியைச் செய்து காட்டுவதற்காகத்தான். 1999இல் எஸ்ஏசிடி, 2000இல் டிவிடி ஓடியோ என்ற இறுவட்டு வகைகள் வந்தபோது பழைய ரொக் அல்பங்கள் பல 5.1இல் மீண்டும் கலக்கப்பட்டன. 'டார்க் சைட்' 2003இல் ஜேம்ஸ் கத்ரியின் 5.1 கலவையாக வெளிவந்தது.

இந்தக் கலவைகளை கணனியில் திறந்தால் ஒவ்வொரு சனலும் தனித்தனிக் கோடாகத் தெரியும். வேண்டாதவற்றை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் கேட்கலாம். பல அல்பங்களில் நடுச் சனலில் முன்னணிப் பாடகரின் குரல் ஓங்கி இருக்கும். பின் சனல்களில் ஒரு கிற்றாரோ பின்னணிக் குரல்களோ மட்டும் ஒலிக்கும் இடங்கள் உண்டு. வருடக்கணக்காகக் கேட்ட பாடலில் அதுவரை காதில் விழாத ஒரு கீபோர்ட் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கும்.

இது எப்போதும் சுத்தமாக அமைவதில்லை. சில ஒலிக்கலவையாளர்கள் நடுச் சனலை ஏறக்குறைய வெறுமையாக விட்டு, குரலை இடத்துக்கும் வலத்துக்கும் பகிர்ந்துவிடுவார்கள். குரலின் எதிரொலி பின் சனல்களுக்குள் கசிந்திருக்கும். இருந்தாலும் ஸ்டீரியோவை விட இது எவ்வளவோ மேல். கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டப்பட்ட எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்வது போன்றது இந்த வேலை. இரண்டு கூட்டுத்தொகைகள் மட்டும் இருந்தால் திணற வேண்டும். வெவ்வேறு விதமாகக் கூட்டப்பட்ட ஐந்தாறு தொகைகள் கையில் இருந்தால் விடையை நெருங்கிவிடலாம். பழைய கரோக்கி உத்தியில் ஒரு சனலிலிருந்து மற்றதைக் கழித்து நடுவில் உள்ள குரலை அழிக்கலாம். ஆனால் பேஸும் சேர்ந்து போய்விடும், குரலை மட்டும் வெளியே எடுக்கவும் முடியாது.

2019 நவம்பரில் டீசர் நிறுவனம் 'ஸ்பிளீட்டர்' என்ற பிரித்தெடுக்கும் மென்பொருளை யாரும் பயன்படுத்தக் கூடியதாக வெளியிட்டது. பேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'டெமுக்ஸ்' என்பதைத் தந்தார்கள். இவை ஸ்டீரியோப் பாடலையே குரல், ட்ரம்ஸ், பேஸ், ஏனையவை எனப் பிரிக்கின்றன. சரவுண்ட் கலவையின் ஒவ்வொரு சனலையும் தனித்தனியாக இவற்றுக்குள் செலுத்தினால், ஒன்றோடொன்று மோதும் ஒலிகள் குறைவாக இருப்பதால், விளைவு இன்னும் தெளிவாக வருகிறது.

பிரித்தால் கேட்பது மனிதர்கள்

இப்படிப் பிரிப்பவர்களில் பலர் பேஸ் வாசிக்கப் பழகுபவர்கள், பாடப் பழகுபவர்கள், ஒலிப்பதிவு கற்பவர்கள். ஆனால் பிரித்துக் கேட்கும்போது கிடைப்பது பாடம் மட்டுமல்ல. குழுவின் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த தனி மனிதர்கள் கேட்கத் தொடங்குகிறார்கள்.

'டார்க் சைட்' அல்பத்தில் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' என்ற பாடல் இருக்கிறது. அதில் பாடல் வரிகள் இல்லை. ஒரு பெண்ணின் குரல் மட்டும் சொற்களின்றி எழுந்து தாழ்கிறது. கிளெயார் டொரி என்ற அந்தப் பாடகி 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிவிட்டுப் போனார். கிடைத்த சம்பளம் 30 பவுண். மெட்டை அந்த இடத்திலேயே உருவாக்கியவர் அவர் என்றாலும், இசையமைப்பாளர் என்று அல்பத்தில் இருந்தது ரிச்சர்ட் ரைட்டின் பெயர் மட்டுமே. 2004இல் அவர் வழக்குத் தொடர்ந்தார். 2005இல் நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் ஏற்பட்டது. அதன் பின்னர் வந்த வெளியீடுகளில் ரைட்டின் பெயரோடு டொரியின் பெயரும் சேர்ந்தது. இதற்கு 32 ஆண்டுகள் எடுத்தன.

புரொகோல் ஹாரம் குழுவின் 1967ஆம் ஆண்டுப் பாடலான 'எ வைட்டர் ஷேட் ஒஃப் பேல்' அதன் ஓர்கன் இசையால்தான் உலகத்தின் நினைவில் நிற்கிறது. அதை வாசித்த மத்தியூ பிஷருக்குப் பாடலின் உரிமையில் பங்கு இருக்கவில்லை. அவர் 2005இல் வழக்குத் தொடர, 2006இல் உயர் நீதிமன்றம் இசையில் 40 வீதப் பங்கை அவருக்கு வழங்கியது. மேன்முறையீடுகளைத் தாண்டி 2009 ஜூலையில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை அவருக்குச் சாதகமாகவே முடித்து வைத்தது. பாடலின் ஒரு கருவியின் பகுதியை மட்டும் எடுத்து, 'இது தனியாக ஒருவரின் படைப்பு' என்று சட்டம் ஏற்றுக்கொண்ட முக்கியமான தீர்ப்பு இது.

இன்னொருவருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1969இல் த வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு பதிவு செய்த 'ஏமன், பிரதர்' பாடலின் நடுவில் மற்றக் கருவிகள் எல்லாம் நிற்க, சில செக்கன்கள் ட்ரம்ஸ் மட்டும் ஒலிக்கிறது. அந்தத் துண்டு பின்னர் ஆயிரக்கணக்கான ஹிப் ஹொப், நடனப் பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. வாசித்த கிரெகரி கோல்மன் அதற்காக எதையும் பெறாமலே 2006இல் வறுமையில் இறந்தார். எந்த மென்பொருளும் இல்லாமலே பிரிந்து கிடைத்த ஒரு சில செக்கன்களுக்கு நடந்தது இது. எல்லாப் பாடல்களையும் இப்படிப் பிரிக்க முடியும் என்றால் எத்தனை கோல்மன்கள் உருவாகுவார்கள்?

பகுதிகளுக்கு இப்போது விலை

செயற்கை நுண்ணறிவுக்கு இசையைக் கற்பிக்கப் பிரிந்த ஒலிகள் தேவை. ஒருவரின் குரலைப் போலப் பாடப் பழக்குவதற்குக் கருவிகளின் கலப்பில்லாத அவரது குரல் வேண்டும். இப்படிப்பட்ட பகுதிகள் பொதுவெளியில் எவ்வளவு அரிது என்பதற்கு ஓர் உதாரணம்: பிரித்தெடுப்பு ஆய்வுகளில் அதிகம் பயன்படும் 'மியூஸ்டிபி18' தொகுப்பில் இருப்பவை 150 பாடல்கள், ஏறத்தாழ 10 மணித்தியாலங்கள் மட்டுமே. மற்றவை இசை நிறுவனங்களின் களஞ்சியங்களில் இருக்கின்றன.

அந்தக் களஞ்சியங்களும் பாதுகாப்பானவை அல்ல. 2008 ஜூன் 1ஆம் திகதி ஹொலிவூட்டில் யுனிவர்சல் வளாகத்தில் ஏற்பட்ட தீயில் மூல நாடாக்கள் பல எரிந்த விடயம் 2019இல்தான் 'நியூயோர்க் டைம்ஸ்' மூலம் பரவலாகத் தெரியவந்தது. எத்தனை எரிந்தன என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. மூல நாடா அழிந்த ஓர் அல்பத்துக்கு ஏற்கனவே சரவுண்ட் கலவை இருந்தால், பிரிந்த ஒலிக்கு மிக நெருக்கமாக எஞ்சுவது அதுதான். 'டார்க் சைட்'டின் நான்கு சனல் கலவையை 2011இல் நிறுவனம் மீண்டும் வெளியிடும் வரை, பழைய நாடாக்களிலிருந்து எடுத்துப் பேணி வந்தவர்கள் ரசிகர்களே.

2024 ஒக்டோபரில் பிங்க் புளொயிட் தமது ஒலிப்பதிவு உரிமைகளை சோனி நிறுவனத்துக்கு விற்றது. தொகை சுமார் 400 மில்லியன் டொலர் என்று செய்திகள் வெளியாகின. அதே ஆண்டு ஜூனில் சோனி, யுனிவர்சல், வோர்னர் ஆகிய மூன்று பெரும் நிறுவனங்களும் தமது பாடல்களைக் கொண்டு அனுமதியின்றிப் பயிற்சி அளித்ததாக சூனோ, யூடியோ என்ற செயற்கை நுண்ணறிவு இசை நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தன. வழக்குத் தொடர்ந்தவற்றில் யுனிவர்சலும் வோர்னரும் 2025 இறுதிக்குள் எதிராளிகளோடு உடன்பாடுகளுக்குச் சென்றன. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே கணக்குத் தீர்கிறது. 30 பவுணுக்குப் பாடியவரின் கணக்கு எங்கே தீரும்?

தமிழ் ரசிகர்கள் இந்தக் கேள்வியை ஏற்கனவே சந்தித்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் மீட்டிருந்தார். குடும்பங்களிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். இது நல்ல முன்னுதாரணம். ஆனால் அது ஒரு கலைஞரின் நற்பண்பில் தங்கியிருந்தது. எந்தச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

தலைகீழான சட்டம்

பிரித்தானியாவில் 2014 ஒக்டோபரில், ஒருவர் தான் காசு கொடுத்து வாங்கிய இறுவட்டைத் தன் சொந்தப் பாவனைக்குப் பிரதி எடுக்கலாம் என்ற விலக்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இசைத்துறையினர் வழக்குத் தொடர, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. அமெரிக்காவிலோ 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இறுவட்டின் டிஜிட்டல் பூட்டைத் திறப்பதே தவறு. எஸ்ஏசிடி இறுவட்டுகள் அப்படிப் பூட்டப்பட்டவையே.

அதே பிரித்தானியாவில் 2024 டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட ஆலோசனைப் பத்திரம், உரிமையாளர் முன்கூட்டியே மறுப்புத் தெரிவிக்காவிட்டால் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்ற விலக்கை முன்மொழிந்தது. 2025 பெப்ரவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள், ஆளில்லாத ஒலிப்பதிவுக் கூடங்களின் மௌனத்தையே அல்பமாக வெளியிட்டு அதை எதிர்த்தார்கள். பேஸ் பழகும் மாணவருக்குக் கிடைக்காத விலக்கை, இலாபத்துக்கு இயங்கும் நிறுவனத்துக்குக் கொடுக்க ஓர் அரசு யோசித்திருக்கிறது.

இந்த ஒழுங்கைத் திருப்பி வைக்க வேண்டும். கற்பதற்கும் கேட்பதற்கும் தன் வீட்டில் ஒருவர் பாடலைப் பிரிப்பது அனுமதிக்கப்பட வேண்டும். அதை விற்பதும், அதிலிருந்து குரலை நகல் எடுப்பதும் வேறு விடயம். அதற்குப் பாடியவரின் சம்மதம் வேண்டும். நிறுவனங்கள் பகுதிகளைத் தாமே வெளியிடவும் முடியும். 2005இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் தமது பாடலொன்றின் பகுதிகளை இலவசமாகக் கொடுத்தது. 2008இல் ரேடியோஹெட் 'நியூட்' பாடலை ஐந்து பகுதிகளாகப் பிரித்து விற்றது. இரண்டு குழுக்களுக்கும் இதனால் நட்டம் வந்ததாகத் தெரியவில்லை.

பணம் பகிர்வதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. ஒலிப்பதிவுகளின் பாதுகாப்புக் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 70ஆக உயர்த்திய 2011ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரை, ஒருமுறைச் சம்பளத்துக்கு வாசித்த, பாடிய கலைஞர்களுக்காக, மேலதிக ஆண்டுகளின் குறிப்பிட்ட வருமானங்களில் 20 வீதத்தை ஒதுக்கச் சொன்னது. பிரித்தானியாவும் இதை ஏற்றுக்கொண்டது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்கு விற்கப்படும் உரிமங்களின் வருமானமும் இதற்குள் அடங்கும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பங்கைப் பெற 50 ஆண்டுகள் காத்திருக்கவும் வைக்கக் கூடாது.

ஒலிப்பதிவு என்பது ஒரே பொருள், அதற்கு ஒரே உரிமையாளர் என்ற எண்ணத்தில்தான் இசை வியாபாரம் இதுவரை நடந்தது. பகுதிகளைப் பிரிக்க முடியாதிருந்த காலத்தில் அது செல்லுபடியானது. இன்று ஒவ்வொரு பகுதியும் தனியே கேட்கிறது, தனியே விலை போகிறது. அந்த விலையில் வாசித்தவருக்கும் பாடியவருக்கும் பங்கு எழுதப்படாவிட்டால், டொரியைப் போல வழக்காட வசதியும் ஆயுளும் உள்ளவர்களுக்கு மட்டுமே நியாயம் கிடைக்கும்.