விளையாட்டுக் கணிப்பொறி: எதில் சிக்கனம்?

தலைப்பைக் கண்டதும் சிஸ்டர்களும் பெற்றோரும் புருவத்தை உயர்த்துவார்கள் என்று எனக்குத் தெரியும். 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் கணிப்பொறி விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கினார்கள் என்று சொன்னால் அவர்கள் மனம் மாறிவிடப் போவதில்லை. எனவே அந்த வாதம் வேண்டாம். விளையாட்டைத் தாங்கும் கணிப்பொறி பாடத்தையும் தாங்கும். அதை வாங்கும்போது வீட்டுப் பணம் எங்கே வீணாகிறது என்பதே என் கவலை.

எங்கள் வீட்டில் வீணாயிற்று. அண்ணன் ஒரு கடையில் வாங்கிய கணிப்பொறிக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. நிறம் மாறும் விசிறிகள் மூன்று உண்டு. பவர் சப்ளையோ கேபினட்டோடு இலவசமாக வந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. நின்றுபோன மின்சாரம் பிறகு திரும்பி வந்த வேகத்தில் பவர் சப்ளை கருகியது. மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகையால் என் பட்டியல் பவர் சப்ளையிலிருந்துதான் தொடங்குகிறது. நல்ல நிறுவனத்தின் 450 வாட் போதும். ‘80 பிளஸ்’ முத்திரையைக் காட்டி விற்பார்கள். அது மின்சாரத்தை வீணாக்காது என்பதற்கான சான்றே தவிர, பாதுகாப்புக்கான சான்று அன்று. மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தன்னை நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸும் சேர்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து பிராசஸர். தனி கிராபிக்ஸ் கார்டுதான் பணத்தை விழுங்குவது. கையில் பணம் குறைவென்றால் அதை இப்போது வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. 2021-இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி-யில் படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிறது. வேலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவை அதில் தாராளமாக ஓடும். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் திணறும். ‘ஜி’ என்ற அந்த ஓர் எழுத்தை மறந்து வெறும் 5600-ஐ வாங்கினால், கார்டு இல்லாமல் திரையில் ஒன்றுமே தெரியாது!

இந்த பிராசஸரின் படப் பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ராமிலிருந்துதான் கடன் வாங்கும். எனவே 16 ஜி.பி. ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜி.பி. இரண்டாக வேண்டும். பாகூர் ஏரியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் அதே அளவுதான். ஒரு மதகைத் திறப்பதற்கும் இரண்டைத் திறப்பதற்கும் வயலுக்குத் தெரியும் வித்தியாசம். 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் ராம் விலை மளமளவென்று ஏறியது. அதனால் கடைக்காரர்கள், “இப்போதைக்கு ஒன்று போடு பாப்பா” என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணாடிக் கதவை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் இரண்டாவதை வாங்குங்கள். புதிய ஏ.எம்.5 மதர்போர்டு வாங்கலாமே என்று அண்ணன் கேட்கிறான். அது டி.டி.ஆர்.5 ராமை மட்டுமே ஏற்கும். எங்கள் கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றும் சாதாரண மானிட்டர் ஒன்றும் போதும். கேபினட் தகரமாக இருந்தாலென்ன, காற்றுப் போனால் சரி.

பட்டியலை அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். “பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று அத்தை கேட்டார்கள். அப்பா பதில் சொல்லாமல், பவர் சப்ளை என்ற வரியின் கீழ் மட்டும் பேனாவால் இரண்டு கோடு போட்டார். பரீட்சை முடிந்ததும் சென்னை ரிச்சி தெருவுக்கு அண்ணனோடு என்னையும் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். விலை பேசப்போவது நான்தான்.