கறுத்த மாதா

கன்னிவாடியில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் அன்னை மரியாவை வரையச் சொன்னேன். பீடத்துச் சொரூபத்தைப் பார்த்து, நீல முக்காடும் வெள்ளை முகமுமாக எல்லாரும் வரைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் கறுத்த முகம் வரைந்து, தலையில் புல்லுக்கட்டை ஏற்றியிருந்தாள். “சாமி, மாதாவை இப்படி இழிவுபடுத்தலாமா?” என்று பெரியவர் ஒருவர் கொதித்தார். வெட்கத்தோடு சொல்கிறேன்: அன்று அவளைப் பாராட்ட என் நாவும் எழவில்லை.

கறுப்பும் புல்லுக்கட்டும் இழிவென்றால், அவற்றோடு அன்றாடம் வீடு திரும்பும் அவள் தாய் யார்?

இது பழைய பூசல். 1902-இல் கோவாவில் பிறந்த ஆஞ்செலோ த பொன்சேகா, மருத்துவப் படிப்பைத் துறந்து, சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்றார். ஊர் திரும்பி, மரியாவைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாகத் தீட்டினார். சொந்த மண்ணின் கத்தோலிக்கர் பலர் அவரைக் கடிந்தனர். அவருக்கு இடமளித்தது பூனாவில் ஆங்கிலிக்கர் நிறுவிய கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமம். ஆயினும் 1967-இல் இறக்கும்வரை அவர் தம் வழியை விடவில்லை. புனிதத்தைத் தம் மக்களின் முகத்தில் ஒருமுறை கண்டவர் பழைய மனிதராகத் திரும்புவது எங்ஙனம்?

திருச்சபை எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவாக உரைத்தது. நாமோ இன்றும் ஒரே அச்சில் வார்த்த சொரூபங்களை விலைக்கு வாங்குகிறோம்.

‘தன்னை அறியச் செபம் போதாதா? ஓவியம் எதற்கு?’ என்பர் சிலர். ரெம்பிராண்ட் 1633 அளவில் சிலுவை உயர்த்தப்படும் காட்சியைத் தீட்டினார். சிலுவையைத் தூக்கும் கொலையாளிகளுள் ஒருவனுக்குத் தம் முகத்தையே தந்தார். ஆண்டவரை அறைந்தவன் நானே என்று தூரிகையால் அறிக்கையிட்டார். இது செபமன்றி வேறென்ன? தன்னைக் கண்டடைதல் என்பது தன்னை மெச்சிக்கொள்வதன்று. மறைத்து வைத்த முகத்தை இறைவன் திருமுன் திறந்து வைப்பது. படியெடுக்கும் கைக்கு அந்தத் துணிவு வாராது.

அடுத்த ஞாயிறு அச்சிறுமியின் படத்தை ஆலய வாயிலில் மாட்டினேன். பெரியவர் முகந்திருப்பிச் சென்றார். சிறுமியின் தாயோ, பூசை முடிந்தும் அதன்முன் நெடுநேரம் நின்றாள்.

பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே! பார்த்து வரையும் படத்தைப் பிள்ளைகளின் முன்னிருந்து எடுத்துவிடுங்கள்; வெற்றுத் தாளைக் கொடுங்கள். அவர்கள் வரைவது நமக்குக் கோபமூட்டினால், திருந்த வேண்டியது படமா, நம் பார்வையா என்று முதலில் கேட்போம்.